குழந்தைப் பாதுகாவலர் உரிமை (இந்தியா)

ஒரு மைனரின் உடலுக்கும் சொத்துக்கும் சட்டப்படி யார் பொறுப்பு, அவர் யாரோடு வசிக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் உரிமை இது. முதலாவதைப் பாதுகாவலர் உரிமை, அதாவது கார்டியன்ஷிப் என்றும், இரண்டாவதைக் கஸ்டடி என்றும் வழங்குகிறோம். இந்தியச் சட்டம் நெடுங்காலம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தது: வளர்க்கும் வேலை தாய்க்கு, கையெழுத்திடும் அதிகாரம் தகப்பனுக்கு. இன்றைய தீர்ப்புகள் குழந்தையின் நலனையே முதன்மையாகக் கொண்டாலும், அந்தப் பழைய பிரிவினை சட்ட வாசகத்தை விட்டு இன்னும் முழுதாக நீங்கவில்லை.

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் குழந்தையின் நலனைக் கருதச் சொன்னது; வயது, மதம், உறவின் நெருக்கம் ஆகியவற்றோடு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கச் சொன்னது. ஆனால் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத தகப்பன் உயிரோடிருந்தால், வேறொருவரை உடலுக்குப் பாதுகாவலராக நியமிக்கவும் தடை விதித்தது. நலனுக்கும் தந்தையுரிமைக்கும் இருந்த இந்த முரண் சென்னையில் எழுந்த ஒரு வழக்கில் வெளிப்பட்டது. அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த நாராயணய்யா, தம் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் 1910இல் அச்சபையின் தலைவர் அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். 1912இல் அவர்களைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் பக்கம் நின்றது. 1914இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. தகப்பன் தன் பொறுப்பை மீட்க முடியாதபடி பிறருக்குத் தாரை வார்க்க இயலாது என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் இங்கிலாந்தில் இருந்த பிள்ளைகளின் நலனையும் விருப்பத்தையும் விசாரிக்காமல் அவர்களை ஒப்படைக்க உத்தரவிட்டது தவறு என்றது. தந்தையின் உரிமை பிள்ளையின் பொருட்டே இருக்கிறது என்ற கருத்துக்கு இவ்வழக்கு வழி திறந்தது.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் மைனரின் நலனே தலையாயது என அறிவித்தது. ஆனால் அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு தகப்பனையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்றது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்றும் சொன்னது. மைனருக்காக எழுதப்படும் பத்திரங்களில் 'தகப்பனாரும் கார்டியனுமான' என்ற தொடர் இயல்பாக வந்து விழுவது இந்த வரிசையால்தான். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்கத் தாமே பாதுகாவலராகக் கையொப்பமிட்டபோது, ரிசர்வ் வங்கி தகப்பனின் கையெழுத்தைக் கேட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் இறந்தால் மட்டுமல்ல, பொறுப்பேற்காத நிலையிலும் தாய் பாதுகாவலராகலாம் என்று பொருள் விரித்தது. தாய் முன்னே வர, தகப்பன் விலகியிருக்க வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாயையும் தகப்பனோடு சேர்த்த 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த 6ஆவது பிரிவைத் தொடவில்லை.

தாய்க்கும் தகப்பனுக்கும் சம அதிகாரம் தந்தால் முடிவெடுக்க ஆளிராது என்பது ஒரு மறுப்பு. ஆனால் மைனரின் அசையாச் சொத்தை விற்க இன்றும் நீதிமன்ற அனுமதி தேவை. தகப்பனின் சொல் இப்போதும் இறுதியானதல்ல. பெற்றோர் முரண்பட்டால் நீதிமன்றம் தீர்க்கட்டும் என்று இங்கிலாந்து 1973இலேயே சம உரிமை வழங்கிவிட்டது. நலன் என்பது நீதிபதியின் மனப்போக்குக்கு வளையும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. கொரோனாவில் பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை, தாத்தா பாட்டியின் வயதையும் தாயின் சகோதரியுடைய அரசு வேலையையும் கருதி அந்தச் சகோதரியிடம் ஒப்படைத்தது குஜராத் உயர் நீதிமன்றம். வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோலாகா என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. ஒரே குழந்தையின் நலன் இரு நீதிமன்றங்களுக்கு இரு விதமாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் நலன் என்ற அளவுகோல் காரணம் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. சொன்ன காரணத்தைத்தான் மேல்முறையீட்டில் சோதிக்க முடியும். தகப்பன் முதலில், தாய் பின்னர் என்ற வரிசையால் வரும் முன்னுரிமைக்கு அப்படியொரு சோதனை இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் சமநிலை தர வேண்டுமென்று சட்ட ஆணையம் 1989இலும் 2015இலும் பரிந்துரைத்தது. ஒவ்வொரு தாயும் வழக்காடித்தான் பெற வேண்டியதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தினுடையது.