இந்தியாவில் பிரிட்டிஷ் படைவீரர்களின் சலிப்பும் குடிப்பழக்கமும்

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் படைவீரர்களிடையே குடிப்பழக்கம் பரவலாக இருந்தது. அவர்களின் ஒழுக்கக்குறைவே இதற்குக் காரணம் என்று பலர் கருதினர். ஆனால் செய்வதற்கு ஏதுமின்றிக் கழிந்த பகல்களும் ஒரு முக்கியக் காரணம் என்பதை அக்கால ஆவணங்கள் காட்டுகின்றன.

வீரர்கள் போர்க்களத்தில் இருந்த நாட்கள் குறைவு; முகாமில் கழித்த நாட்களே அதிகம். அதிகாலையில் சிறிது நேரம் அணிவகுப்புப் பயிற்சி நடக்கும். கோடைக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு மாலை வரை பெரும்பாலும் குடியிருப்புக் கூடங்களுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். சமைக்கவும், துணி வெளுக்கவும், விசிறி இழுக்கவும் இந்தியப் பணியாளர்கள் இருந்தனர். மனைவியுடன் வாழ அனுமதி பெற்றவர்கள் சிலரே. முகாம் கேண்டீனிலேயே சாராயம் விற்கப்பட்டது; வெளியே கடைத்தெருவிலும் மலிவாகக் கிடைத்தது. பொழுதைப் போக்க அதுவே எளிய வழியாயிற்று.

இந்தியாவில் இருந்த படையின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்களுக்கு 69 பேர் இறந்து வந்ததை 1863இல் வெளியான அதன் அறிக்கை வெளிப்படுத்தியது. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, கல்லீரல் நோய், காலரா ஆகியவை முக்கியக் காரணங்கள். மோசமான குடிநீர், கழிவுநீர் வசதியின்மை ஆகியவற்றுடன் குடிப்பழக்கமும் வீரர்களின் உடல்நலத்தைக் கெடுத்தது.

முகாம்களிலிருந்து எழுத்தில் வந்த விடைகளை ஆராய்ந்து ஆணைக்குழுவுக்குக் கருத்துரை எழுதியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. இருந்தும், படுக்கை, உணவு, மீண்டும் படுக்கை, பிறகு குடி எனச் சுழலும் வீரரின் ஒரு நாளை அவர் துல்லியமாக விவரித்தார். சாராய விற்பனையைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது. தொழிற்கூடம், தோட்டம், படிப்பகம், விளையாட்டு ஆகியவையும் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

மாற்றம் மெதுவாகவே வந்தது. 1888இல், இந்தியாவின் தலைமைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸ் முயற்சியால், தனித்தனியாக இயங்கிய மதுவிலக்குச் சங்கங்கள் இராணுவ மதுவிலக்குச் சங்கமாக ஒன்றிணைந்தன. படிப்பகமும் பொழுதுபோக்கு அறைகளும் கொண்ட மன்றங்கள் படைப்பிரிவுகளில் ஊக்குவிக்கப்பட்டன.

சலிப்பு மட்டுமே ஒருவரைக் குடிகாரராக்குவதில்லை. மது எளிதில் கிடைப்பது, உடன் இருப்போரின் பழக்கம், தனிமை ஆகியவையும் சேர்ந்தே அதைச் செய்கின்றன. குடித்தவருக்குத் தண்டனை அளித்த படைநிர்வாகம், அவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்க நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கேள்வி எழுந்த பிறகே, தண்டனையோடு நில்லாமல், படிப்பகமும் விளையாட்டும் குடியைக் குறைக்கும் வழிகளாக எண்ணப்பட்டன.