சூரிச் நகரின் ஊசிப் பூங்கா

பிளாட்ஸ்பிட்ஸ் என்பது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், லிமாட், சீல் ஆகிய இரு ஆறுகள் கூடும் இடத்திலுள்ள பூங்கா ஆகும். நகரின் முதன்மைத் தொடருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், தேசிய அருங்காட்சியகத்தின் பின்புறம் அமைந்துள்ளது. 1980களின் பிற்பகுதியில் இது 'ஊசிப் பூங்கா' என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

அதற்கு முன் ஹெராயின் பயன்படுத்துவோரையும் விற்போரையும் காவல்துறை பழைய நகரத்தின் ஒரு சதுக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு விரட்டிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் விரட்டினால் அடுத்த தெருவில் கூடினர். முடிவில், ஒரே இடத்தில் இருந்தால் கண்காணிப்பது எளிது என்ற எண்ணத்தில் பூங்காவில் கூடுவதை நகரம் பொறுத்துக்கொண்டது. நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்தனர். எய்ட்ஸ் பரவிய காலம் அது. ஒருவர் பயன்படுத்திய ஊசியையே பலரும் பயன்படுத்தினர். தொடக்கத்தில் தூய ஊசி வழங்கிய மருத்துவர்களை உரிமத்தைப் பறிப்போம் என்று மாநில நல அதிகாரிகள் மிரட்டியதும் நடந்தது. பின்னர் 1988 முதல் பூங்காவிலேயே ஊசி மாற்றும் பணியும் தடுப்பூசிப் பணியும் நடைபெற்றன.

1992 பிப்ரவரி 5 அன்று பூங்கா மூடப்பட்டது. கதவை அடைத்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. விளைவை அனுபவித்தவர்கள் அருகிலிருந்த ஐந்தாம் வட்டத்து மக்கள். மாடிப்படிகளிலும் முற்றங்களிலும் ஊசிகள் கிடந்தன. வீட்டு வாயில்களுக்குப் பூட்டுப் போட வேண்டியதாயிற்று. சிறிது காலத்தில் கூட்டம் ஆற்றங்கரையிலிருந்த, கைவிடப்பட்ட லெட்டன் தொடருந்து நிலையத்தில் நிலைகொண்டது. விற்பனைக் கும்பல்களின் வன்முறையும் அங்கே கூடியது.

இரண்டாம் முறை நகரம் அவசரப்படவில்லை. பிற ஊர்களிலிருந்து வந்தவர்களைச் சொந்த ஊராட்சிகளின் பொறுப்பில் ஒப்படைக்கும் மையம் அமைந்தது. மெத்தடோன் சிகிச்சையும், செவிலியர் கண்காணிப்பில் போதைப்பொருள் பயன்படுத்தும் அறைகளும் விரிவாயின. 1994 இல், மற்ற சிகிச்சைகளில் பலன் காணாத நெடுநாள் அடிமைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினே வழங்கும் சோதனை தொடங்கியது. மருந்தை மையத்திலேயே பயன்படுத்த வேண்டியிருந்தது. இதில் சேர்ந்தவர்களிடையே திருட்டு முதலிய குற்றங்கள் பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அன்றாட ஹெராயினுக்குப் பணம் தேடும் தேவை ஒழிந்ததே முதன்மையான காரணம்.

கடுமையும் கூடவே இருந்தது. வெளிநாட்டவரை நாடுகடத்தும் முன் காவலில் வைக்க வழிசெய்யும் சட்டம் 1995 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மனித உரிமை ஆர்வலர்கள் அதைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. அதே மாதம் 14 ஆம் நாள் லெட்டன் மூடப்பட்டது. போதைப்பொருள் வணிகம் நகரை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் அந்த அளவிலான திறந்தவெளிச் சந்தை மீண்டும் உருவாகவில்லை.

தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைத்தல், சட்ட நடவடிக்கை என்ற 'நான்கு தூண்' கொள்கை பின்னர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. ஹெராயின் சிகிச்சையையும் உள்ளடக்கிய சட்டத் திருத்தத்தை 2008 நவம்பர் 30 அன்று வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஏற்றனர். அதே நாளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் முன்மொழிவும் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை மக்கள் தெளிவான பெரும்பான்மையுடன் நிராகரித்தனர்.