பொது அறிவும் தனியுடைமையும்: சேசர் மில்ஸ்டீனின் ஆய்வு வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாகக் காணும் போக்கு நம்மிடையே இன்றும் வலுவாகவே உள்ளது. ஒரு கண்டுபிடிப்பு எத்தகைய சமூக நிறுவனங்களினுள் நிகழ்ந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை அப்போக்கு எழுப்புவதில்லை. நிர்ப்பீடனவியலாளர் சேசர் மில்ஸ்டீனின் (1927–2002) வாழ்க்கையை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவோம்.

ஆர்ஜென்டீனாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த மில்ஸ்டீன், புவனஸ் அயர்ஸிலும் கேம்பிறிட்ஜிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்று, 1961இல் தாயகம் மீண்டு மால்பிறான் நிறுவனத்திற் பணியேற்றார். 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அறிவாளர்மீதான அடக்குமுறை அந்நிறுவனப் பணிப்பாளரையும் விட்டுவைக்கவில்லை. மில்ஸ்டீன் பதவி துறந்து 1963இல் கேம்பிறிட்ஜ் திரும்பினார். பின்தங்கிய நாடொன்று வளர்த்த ஆற்றலின் விளைச்சல் இவ்வாறே ஏகாதிபத்திய மையத்தைச் சேர்ந்தது.

அங்கு அரச நிதியில் இயங்கிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் கூடத்திலே அவர் பிறபொருளெதிரிகளை ஆராய்ந்தார். வேண்டிய பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலம் வளர்ப்பூடகத்தில் விரைவில் மடிந்துவிடும்; புற்றுநோய்க் கலமோ இடையறாது பெருகும். ஜோர்ஜ் கோலருடன் இணைந்து, எலியின் மண்ணீரற் கலத்தையும் மைலோமாப் புற்றுநோய்க் கலத்தையும் அவர் ஒன்றாக்கினார். இரண்டின் பண்பையும் பெற்ற கலப்புக் கலம் ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாது சுரந்தது. இம்முடிவு 1975இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. 1984இல் இருவரும், நீல்ஸ் ஜேர்னேயும் நொபெல் பரிசு பெற்றனர்.

இம்முறைக்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. உடனடிப் பயன் எதனையும் காணமுடியவில்லை எனப் பிரித்தானியாவின் தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் 1976இல் தெரிவித்தது. மில்ஸ்டீனோ தம் கலங்களைக் கேட்ட ஆய்வாளர்க்கெல்லாம் வழங்கினார். அவ்வாறு பெற்ற பிலடெல்பியா விஸ்டார் நிறுவனத்தினர், 1979, 1980ஆம் ஆண்டுகளிற் புற்றுநோய்க்கும் வைரசுக்கும் எதிரான பிறபொருளெதிரிகளுக்கு ஆக்கவுரிமை பெற்றனர். பொது அறிவு தனியுடைமையாகும் இயக்கத்தை இங்கு தெளிவாகக் காண்கிறோம்.

இத்தொழில்நுட்பத்தின் வழிவந்த முதல் மருந்து, மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுப்பதற்காக 1986இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலியின் பிறபொருளெதிரியை மனித உடல் அந்நியமாகக் கருதியமை பெருந்தடையாயிற்று. அதே கேம்பிறிட்ஜ் கூடத்தின் கிறெக் விண்டர் 1986இல் அதனை மனித அமைப்புக்கு இசைவாக்கும் முறையைக் கண்டார். இம்முறை அச்சபை அனுபவத்தாற் பாடம் கற்றிருந்தது; ஆக்கவுரிமை பெற்று வருவாயும் ஈட்டியது.

எனினும் பங்குத்தொகை வேறு, விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் வேறு. மூட்டுவாதத்துக்கான அடலிமுமாப் 2002இன் இறுதியில் அனுமதி பெற்றது. 2022இல் அதன் விற்பனை 2,100 கோடி டொலரைத் தாண்டியது. நூற்றுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளின் அரணால், 2018இல் ஐரோப்பாவை எட்டிய போட்டி மருந்துகள் ஐக்கிய அமெரிக்காவை 2023இலேயே எட்டின.

மூலதனமின்றி மருந்து நோயாளியை அடைந்திராது என்பர். பரிசோதனைக்கும் உற்பத்திக்கும் பெருஞ்செலவு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடித்தளத்தை அமைத்தது பொதுப்பணமும் பகிர்ந்த உழைப்புமே. மில்ஸ்டீனின் தாராளம் மதிக்கத்தக்கது. ஆயினும் உற்பத்திச் சாதனங்கள் தனியார் வசமுள்ளவரை, தனிமனித அறப்பண்பு மட்டும் அறிவைப் பொதுவுடைமையாகக் காக்கப் போதாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு.