சாம்பார்ப் பொடி: சேமிப்பும் மணத்தின் ஆயுளும்

சாம்பார்ப் பொடி என்பது மல்லி, மிளகாய் வற்றல், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் முதலியவற்றை வெயிலில் காயவைத்தோ வறுத்தோ அரைக்கும் கலவைப் பொடி. சேர்மானமும் அளவும் வீட்டுக்கு வீடு மாறும். முழு மல்லியும் மிளகும் நன்கு காய்ந்திருந்தால் 2, 3 ஆண்டுகள் வரை மணத்தைக் காக்கும். அரைத்த பொடியின் மணமோ சில மாதங்களிலேயே தளரத் தொடங்கும்.

மணம் குறையும் விதம்

மசாலாப் பொருள்களின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் உள்ளது. மல்லியில் லினலூலும் சீரகத்தில் குமினால்டிஹைடும் முதன்மையானவை. அரைக்கும்போது விதையின் செல்கள் உடைந்து, காற்றுப்படும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால் இவை விரைவில் வெளியேறுகின்றன. மிளகாய்க்குச் சிவப்பு தரும் காப்சாந்தினும் மஞ்சளின் குர்குமினும் வெளிச்சத்தில் சிதைகின்றன. ஆனால் மிளகாயின் காரமான காப்சைசினும் மிளகின் பைப்பரினும் அப்படி ஆவியாவதில்லை. எனவே பழைய பொடியில் மணம் போன பின்னும் காரம் நிற்கும். காரத்தைக் கொண்டு புதுமையை அளக்க இயலாது.

பருப்பு சேர்ந்த பொடி ஈரத்தை இழுக்கும். எள், வேர்க்கடலை, கொப்பரை சேரும் இட்லிப் பொடி வகைகளில் எண்ணெய் மிகுதி. அது ஆக்சிஜனேற்றம் அடைவதால் சிக்கு வாடை சீக்கிரமே வரும்.

சேமிக்கும் முறை

மில்லில் அரைத்த பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, முழுதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துப் பொடியில் இறங்கும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா, பீங்கான் ஜாடி ஆகியவை ஏற்றவை. கண்ணாடிப் புட்டியானால் இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். அன்றாடப் புழக்கத்துக்குச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டால் பெரிய டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலுள்ள பரண் ஆகாது. கொதிக்கும் குழம்பின் மேல் டப்பாவைச் சாய்த்தால் ஆவி உள்ளே புகும். காய்ந்த கரண்டியால் அள்ளிப் போடுவதே முறை. குளிர்பதனப் பெட்டியில் வைத்த பொடியை வெளியே எடுத்து, குளிர்ச்சி நீங்கிய பிறகே திறக்க வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் மணம் உடனே எழ வேண்டும். மங்கலாக எழுந்தால் பொடி பழையது, ஆனால் கெட்டதன்று. நிறம் வெளுத்து மக்கிய வாடை வீசினால் அது சமையலுக்கு உதவாது. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புநிறச் சிகரெட் வண்டு மல்லியிலும் மஞ்சளிலும் மிளகாயிலும் பெருகும். சிறு துளைகள் அதன் அடையாளம்.

கட்டி தட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். பூஞ்சணம் தென்பட்டால் மேற்பகுதியை மட்டும் நீக்குவது போதாது. சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கவல்லது. குழம்பு கொதிக்கும் சூட்டில் அது அழிவதில்லை. அத்தகைய பொடியை முழுவதுமாகக் கொட்டிவிட வேண்டும். 2, 3 மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வதே மணத்துக்கும் உடல்நலத்துக்கும் ஏற்றது.