லைசோசோம்: தற்கொலைப் பையா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊர்க் கண்மாய்க் கரைக்குச் சென்றாலும் தலைப்பிரட்டைகளைக் காணலாம். கரிய உருண்டைத் தலையும் நீண்ட வாலும் உடைய அவை சில வாரங்களில் தவளைகளாகிக் கரையேறிவிடுகின்றன. கால்கள் முளைப்பதை நாம் வியப்போடு பார்க்கிறோம். வால் எங்கே போயிற்று என்று கேட்பவர் சிலரே. அது அறுந்து விழுவதில்லை. அழுகிப் போவதும் இல்லை. நாளுக்கு நாள் குறுகிக் குறுகி உடலுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

இதற்கு மாணவர்கள் சட்டென்று ஒரு விடை சொல்வார்கள்: "வாலில் உள்ள செல்களின் லைசோசோம்கள் வெடித்துச் செல்களைக் கரைத்துவிடுகின்றன. லைசோசோம் என்பது செல்லின் தற்கொலைப் பை." பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் பெயர் இது. இந்தப் பெயர் எப்படி வந்தது? அது சரியானதுதானா? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால் அறிவியல் வரலாற்றில் ஒரு சுவையான பகுதியைக் காணலாம்.

குளிர்பெட்டியில் கிடைத்த விடை

1949-ஆம் ஆண்டின் இறுதி. பெல்ஜியம் நாட்டில் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்பவர் எலியின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் தேடியது லைசோசோமை அன்று. இன்சுலின் கல்லீரலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியவே முயன்றார். கல்லீரலை மென்மையாக அரைத்து, மையவிலக்குப் பொறியில் இட்டுச் சுழற்றினார். தயிர் கடையும்போது வெண்ணெய் தனியே பிரிகிறது அல்லவா? அதுபோல் இப்பொறியில் செல்லின் உறுப்புகள் எடைக்கும் பருமனுக்கும் ஏற்ப அடுக்கடுக்காகப் பிரிகின்றன.

ஒப்பீட்டுக்காக அமிலப் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியையும் அவர் அளந்தார். எதிர்பார்த்த அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. எங்கோ தவறு நேர்ந்திருக்க வேண்டும் என்று கருதி, கலவையைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டனர். ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் அளந்தபோது நொதியின் செயல் பன்மடங்கு உயர்ந்திருந்தது! வைத்த பொருள் தானே பெருகுமா? பெருகாது. அப்படியானால் அது முதலிலேயே அங்கு இருந்திருக்கிறது. ஏதோ ஓர் உறைக்குள் அடைபட்டிருந்திருக்கிறது. நாட்பட உறை சிதையவே வெளிப்பட்டிருக்கிறது.

பிழையென்று கொட்டிவிடாமல் மீண்டும் அளந்து பார்த்ததன் பயன் இது. அதே பைக்குள் அடைபட்டிருந்த நொதிகள் ஐந்தினை அவர் குழுவினர் 1955-க்குள் கண்டறிந்தனர். யாவும் அமிலச் சூழலில் பொருள்களைச் சிதைப்பவை. எனவே 'சிதைக்கும் உடலம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு லைசோசோம் என்று பெயரிட்டனர். அவ்வாண்டே அலெக்ஸ் நோவிகாஃப் என்னும் அமெரிக்கர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றைப் படம் பிடித்தார். இன்று இப்பைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இருப்பதாக அறிகிறோம்.

இத்தனை நொதிகளையும் செல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பை கிழிந்தால் என்ன ஆகும்? செல் தன்னையே செரித்துக்கொள்ளாதா? இந்த எண்ணத்தில்தான் 'தற்கொலைப் பை' என்ற உருவகம் பிறந்தது. டி டூவ் தாமே அதனைக் கையாண்டார். பெயர் கவர்ச்சியானது, பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

வாலை வெட்டிச் சோதித்த இந்தியர்

உடல் வளரும்போதே அதன் சில செல்கள் மடிகின்றன என்பதை 1842-லேயே கார்ல் ஃபோக்ட் ஒருவகைத் தேரையின் வளர்ச்சியில் கண்டிருந்தார். ஆனால் அதனைப் பெரிதாக எண்ணியவர் இல்லை. 1960-களில் ரிச்சர்ட் லாக்‌ஷின், கரோல் வில்லியம்ஸ் இருவரும் பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளிவந்தபின் அதன் வயிற்றுத் தசைகள் குறித்த வேளையில் மறைவதை ஆராய்ந்து, 'திட்டமிட்ட செல் மரணம்' என்ற தொடரை வழங்கினர். மடியும் தசைகளில் லைசோசோம்கள் மிகுந்திருந்தன. எனவே தற்கொலைப் பைக் கருத்து மேலும் வலுப்பெற்றது.

இந்நிலையில்தான் தலைப்பிரட்டையின் வால் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பம்பாயில் 1930-இல் பிறந்த ஜம்ஷெட் டாட்டா, லண்டனில் மில் ஹில் என்னுமிடத்தில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அவர் வாலை வெட்டி எடுத்து, ஊட்டக் கரைசலில் வைத்து, அதில் தைராய்டு ஹார்மோனைச் சேர்த்தார். உடலை விட்டுப் பிரிந்த வால் கிண்ணத்திலேயே சில நாட்களில் சுருங்கியது. அடுத்து, புதிய ஆர்.என்.ஏ.வும் புரதமும் உருவாகாமல் தடுக்கும் மருந்துகளையும் ஹார்மோனோடு சேர்த்தார். இப்போது வால் சுருங்கவில்லை!

1966-இல் வெளியான இம்முடிவை ஊன்றிக் கவனியுங்கள். சாவதற்குச் செல் உழைக்க வேண்டியிருக்கிறது. புதிய கட்டளைகளை எழுதி, புதிய புரதங்களைச் செய்ய வேண்டியிருக்கிறது. மரணம் செல்லுக்கு நேரும் விபத்தன்று. அது செய்யும் ஒரு வேலை. கத்தி உறைக்குள் இருப்பது மட்டும் போதாது. எடு என்னும் ஆணையும் வேண்டும்.

உடையாத பைகள்

ஆணை வந்தபின் பாயும் கத்தியாவது லைசோசோம்தானா? இதற்கு விடை ஆஸ்திரேலியரான ஜான் கெர் என்னும் நோய்க்குறியியல் அறிஞரிடமிருந்து வந்தது. எலியின் கல்லீரலுக்குச் செல்லும் சிரையின் கிளையொன்றைக் கட்டிவிட்டு அவர் ஆராய்ந்தார். செல்கள் இருவகையாக இறந்தன. சில இடங்களில் கூட்டங்கூட்டமாக வீங்கி வெடித்தன. அங்கே லைசோசோம்கள் கிழிந்து நொதிகள் சிதறிக் கிடந்தன. வேறு சில செல்களோ தனித்தனியே சுருங்கி, சிறு உருண்டைகளாகப் பிரிந்து, ஆரவாரமின்றி மடிந்தன. இரண்டாவது வகையில், நொதிகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது லைசோசோம்கள் முழுமையாக இருந்தன!

ஒழுங்காக மடிந்த செல்லில் தற்கொலைப் பை உடையவே இல்லை. உடைந்தது காயம்பட்டு அழிந்த செல்லில்தான். 1965-இல் வெளியான இச்செய்தியை அன்று பலர் கவனிக்கவில்லை. 1972-இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைலி, கரி என்பவர்களோடு சேர்ந்து கெர் இவ்வகை மரணத்துக்கு 'அப்பாப்டோசிஸ்' என்று பெயர் சூட்டினார். அங்கிருந்த கிரேக்கமொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் எடுத்துத் தந்த சொல் அது. மரத்திலிருந்து இலை உதிர்வது என்பது அதன் பொருள். வேம்பு இலையுதிர்ப்பதைக் கண்ட நமக்கு அது புரியாத பொருளன்று. இலை உதிர்வதால் மரம் சாவதில்லை.

உண்மையான கத்தியைக் காட்டிக் கொடுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மண்புழுதி வாழ் உருளைப் புழு. அதன் வளர்ச்சியில் 1090 உடற்செல்கள் தோன்றுகின்றன, அவற்றுள் 131 தவறாமல் மடிகின்றன, 959 எஞ்சுகின்றன. இம்மரணத்துக்கு ஆணையிடும் ஜீன்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று புரதங்களைத் துண்டிக்கும் நொதிக்குரியது என்பது 1993-இல் தெளிவாயிற்று. 'காஸ்பேஸ்' என்னும் இக்குடும்ப நொதிகள் நம் உடலிலும் உள்ளன. இவை லைசோசோமுக்குள் இருப்பவை அல்ல. செல்லின் பொதுக் கூழ்மத்தில் செயலற்று உறங்கியிருந்து, ஆணை வந்ததும் விழிப்பவை. இவ்வாய்வுகளுக்காக ஹார்விட்ஸ், பிரென்னர், சல்ஸ்டன் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அப்படியானால் லைசோசோமின் வேலைதான் என்ன? மடிந்த செல்லின் உருண்டைகளை அண்டைச் செல்கள் விழுங்கித் தம் லைசோசோம்களில் செரிக்கின்றன. தவளையின் வாலிலும் பெருவிழுங்கு செல்கள் இவ்வேலையைச் செய்கின்றன. கொல்வது வேறொருவர், எஞ்சியதை வீணாக்காமல் மீட்டுத் தருவது லைசோசோம்.

பை பழுதானால்

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தற்கொலைக்கென்றே அமைந்த பையாயின், அது பழுதானால் செல் நெடுநாள் வாழ வேண்டும் அல்லவா? நடப்பதோ நேர்மாறு. 1963-இல் லூவெனைச் சேர்ந்த ஹெர்ஸ் என்பவர், பாம்ப்பே நோய் கொண்ட குழந்தைகளின் லைசோசோமில் ஒரே ஒரு நொதி குறைவதைக் கண்டார். செரிக்கப்படாத கிளைகோஜன் தசைகளிலும் இதயத்திலும் தேங்கி, அவற்றை நலியச் செய்கிறது. இவ்வாறு ஒவ்வொரு நொதியின் குறைவாலும் ஒவ்வொரு நோய். பை வேலை செய்வதால்தான் நாம் வாழ்கிறோம்.

பட்டினி கிடக்கும் செல், தன் பழைய உறுப்புகளை லைசோசோமில் இட்டுச் செரித்து உயிர் பிழைக்கிறது. இதற்குத் 'தன்னுண்ணல்' என்று பொருள்படும் பெயரை 1963-இல் இட்டவரும் டி டூவே. ஈஸ்ட் செல்களில் இதன் ஜீன்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கல்லுடைக்கும் இடத்தில்

பை உண்மையாகவே உடைந்து செல்லைக் கொல்லும் இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்தது. பாறையைத் துளைக்கும்போதும் நொறுக்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. அங்குக் காவலிருக்கும் விழுங்கு செல்கள் அவற்றைக் கிருமிகள்போல் விழுங்கி லைசோசோமுக்குள் தள்ளுகின்றன. கல்லைச் செரிக்க முடியுமா? 1966-இல், டாட்டா பணியாற்றிய அதே மில் ஹில் நிலையத்தில், ஆன்டனி ஆலிசனும் அவர் குழுவினரும் சிலிக்கா லைசோசோமின் உறையைச் சிதைப்பதைக் காட்டினர். பை கிழிகிறது, செல் அழிகிறது, துகள் வெளிவந்து அடுத்த செல்லால் விழுங்கப்படுகிறது. இது தொடரத் தொடர நுரையீரலில் தழும்பு கட்டி மூச்சு சுருங்குகிறது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். கட்டிய தழும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. தூசி எழாதபடி நீர் பாய்ச்சித் துளைப்பதும், தூசியை உறிஞ்சும் கருவி வைப்பதும், தகுந்த முகக்காப்பு அணிவதுமே வழி.

இங்கே இறந்த செல் தற்கொலை செய்துகொண்டதா? இல்லை, அது கொல்லப்பட்டது. 'தற்கொலைப் பை' என்று நாம் சொல்லும்போது, கொன்ற தூசி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

மாணவர்களே, ஒரு மதிப்பெண் வினாவுக்குப் புத்தகத்திலுள்ள விடையை எழுதிவிடுங்கள். ஆனால் அது ஒரு பழைய உருவகம் என்பதை மறவாதீர்கள். டி டூவ் தம் அளவீட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மீண்டும் ஒருமுறை சோதித்தார். நாம் மனப்பாடம் செய்த பெயர்களையும் அவ்வப்போது அப்படி எடுத்துச் சோதிக்க வேண்டும்.