மெழுகுக்குள் இருந்த பதில்

நம்ம பென்னலூர்ல நெடுஞ்சாலை ஓரமா நின்னா, ஒரு திசையில காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. எதிர்த்திசையில சென்னை, 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். பெருங்குடல் புற்றுநோய் பரவிட்டவங்களோட ரிப்போர்ட்ல இன்னைக்கு ‘கேராஸ்’னு ஒரு வரி இருக்கும். அந்த வரி எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம்.

2004-ல் அமெரிக்கா செட்டுக்சிமாப் என்ற மருந்தை அனுமதிச்சது. புற்றுச் செல்லோட மேற்பரப்புல ஈஜிஎஃப்ஆர்னு ஒரு புரதம் இருக்கு. ‘வளரு’ன்னு வர்ற சமிக்ஞையை வாங்கி உள்ளே அனுப்புறது அதோட வேலை. மருந்து போய் அதை அடைச்சிடும். அதனால கட்டியில அந்தப் புரதம் தெரிஞ்சா மருந்து கொடுக்கலாம்னு விதி வெச்சாங்க. நியாயமான விதிதான். ஆனா பலருக்கு மருந்து வேலையே செய்யல.

காரணம் செல்லுக்கு உள்ளே இருந்துச்சு. ஒரகடத்துல லைன்ல நிக்கிறவங்களுக்கு இது தெரியும்: வெளியே பட்டனை அணைச்சாலும், உள்ளே ரிலே ஒட்டிக்கிட்டா மெஷின் நிக்காது. கேராஸ் மரபணு மாறிய கட்டியில நடக்கிறது அதுதான்.

இதை நிரூபிச்சது பழைய கட்டித் துண்டுகள். கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும், வேற சிகிச்சை மிச்சமில்லாத 572 பேர்கிட்ட இந்த மருந்தைச் சோதிச்சிருந்தாங்க. மெழுகுல பதிச்சு வெச்சிருந்த துண்டுகள்ல 394 பேரோடதை எடுத்து மரபணுவைப் படிச்சாங்க. 2008-ல் முடிவு வந்துச்சு. கேராஸ் மாறாதவங்களோட இடைநிலை ஆயுள் மருந்து இல்லாம 4.8 மாசம், மருந்தோட 9.5 மாசம். மாறியவங்களுக்கு 4.6, 4.5. அதாவது பலன் எதுவும் இல்ல. 2009-ல் அமெரிக்காவுல மருந்தோட விதியே மாறுச்சு.

இந்தச் சோதனை முதல்ல சொன்னது ‘வேண்டாம்’ங்கிற பதிலைத்தான். அதைச் சின்ன விஷயமா நான் நினைக்கல. நாலரை மாசம்தான் மிச்சம்னா, வாராவாரம் டிரிப் ஏத்திக்கிட்டு, முகமெல்லாம் கொப்பளத்தோட, நகையை அடகு வெச்சு வீணா அலையாம இருக்கிறதும் சிகிச்சைதான்.

2024-ல் கேராஸ் மாற்றங்கள்ல ஒண்ணான ஜி12சி-க்கு, அடக்ராசிப் என்ற மருந்தை இதே செட்டுக்சிமாப்போட சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா அனுமதிச்சது. ஒட்டிக்கிட்ட ரிலேவுல ஒரு வகையை இப்போ அணைக்க முடியுது.

அதனால வீட்ல யாருக்காவது ஆபரேஷன் நடந்தா, ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. ‘பிளாக்’ எங்க இருக்குன்னு லேப்ல கேட்டுக் குறிச்சு வைங்க. நாளைக்கு வரப்போற கேள்விக்கான பதில் அந்த மெழுகுக்குள்ள இருக்கலாம்.