துறையிடை ஆய்வு

துறையிடை ஆய்வு என்பது ஒரு கேள்விக்கு விடை காண, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அறிவுத்துறைகளின் கருத்துருக்களையும் முறைகளையும் இணைத்துப் பயன்படுத்தும் அணுகுமுறை ஆகும். பல்துறை ஆய்வில் ஒவ்வொரு துறையினரும் தத்தம் பகுதியைத் தனித்தனியே ஆய்ந்து முடிவுகளை அருகருகே வைப்பர். துறையிடை ஆய்விலோ ஒரு துறையின் விடை மற்றத் துறையின் கேள்வியையே மாற்றிவிடக்கூடும். நடைமுறையில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வழங்கப்படுவதும் உண்டு.

டைனோசர்களின் அழிவு

இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே, கிரீத்தேசியக் காலத்தின் முடிவைக் குறிக்கும் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையில் ஏறத்தாழ 1 செ.மீ தடிப்புள்ள களிமண் படலம் ஒன்று காணப்படுகிறது. இது படிய எவ்வளவு காலம் பிடித்தது என்பதே நிலவியலாளர் வால்ட்டர் அல்வாரெசின் கேள்வி. அவருடைய தந்தையும் 1968 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவருமான லூயிஸ் அல்வாரெஸ், இரிடியத்தை அளக்கலாம் என்றார். புவியோட்டில் மிக அரிதான இத்தனிமம் விண்கல் தூசியுடன் சீராக வந்து படிவதால், அதன் அளவைக் கொண்டு காலத்தைக் கணக்கிடலாம் என்பது அவர் எண்ணம். அணுக்கரு வேதியியலாளர்களான பிராங்க் அசாரோ, எலன் மிச்செல் ஆகியோர் அளந்தபோது, அயல் பாறைகளில் உள்ளதைப் போல் சுமார் 30 மடங்கு இரிடியம் களிமண்ணில் இருந்தது. காலத்தை அளக்கப் புகுந்தவர்கள் வேறொரு கேள்வியில் வந்து நின்றனர். ஏறத்தாழ 10 கி.மீ விட்டமுள்ள சிறுகோள் ஒன்று புவியில் மோதியதே பேரழிவுக்குக் காரணம் என்னும் கருதுகோளை நால்வரும் 1980 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர்.

தொல்லுயிரியலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. புதைபடிவங்கள் படிப்படியாகக் குறைவதையே அவர்கள் கண்டிருந்தனர். எனினும், புதைபடிவங்கள் முழுமையாகக் கிடைக்காதபோது திடீர் அழிவும் படிப்படியானதாகவே தோன்றும் என்பதை 1982 இல் பிலிப் சிக்னர், செரே லிப்சு ஆகியோர் விளக்கினர். ('திடீர்' என்னும் சொல்லே நிலவியலாளருக்குப் பல்லாயிரம் ஆண்டுகளைக் குறிக்கலாம்.)

மோதல் பள்ளத்தின் வரலாறு துறைகளுக்கு இடையிலான இடைவெளியின் விலையைக் காட்டுகிறது. மெக்சிக்கோவின் யுகட்டானில் எண்ணெய் தேடிய புவி இயற்பியலாளர்கள் 1981 இலேயே அப்பள்ளத்தைப் பற்றி மாநாடு ஒன்றில் அறிவித்திருந்தனர். ஆயினும் சிக்சுலூப் பள்ளத்திற்கும் இவ்வழிவிற்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்த ஆய்வுக்கட்டுரை 1991 இல்தான் வெளிவந்தது. இந்தியாவின் தக்காண எரிமலைப் பாய்வுகளுக்கும் அழிவில் பங்கு உண்டா என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது.

சிக்கல்கள்

இத்தகைய கட்டுரையை முழுமையாக மதிப்பிட ஒரு துறை வல்லுநர் மட்டும் போதார். பல துறைகளை மேலோட்டமாக அறிந்திருப்பதே துறையிடை ஆய்வு எனச் சிலர் கருதுவது பொருந்தாது. மேற்கண்ட நால்வரும் தத்தம் துறையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர்கள்.